பரங்கி வந்த வரலாறு

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகள் கூறும். புலவர்களின் வரலாற்றை ஏடுகள் கூறும். நம் அடுக்களையில் நாள்தோறும் அரிவாள்மணைக்கு இரையாகும் காய்கறிகளின் வரலாற்றை எது கூறும்? அவற்றின் பெயர் கூறும், விதை கூறும், காம்பு கூறும். நின்று கேட்பார் வேண்டும், அவ்வளவே.

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைக எனச் செயற்குழுவினர் பணித்தபோது, சேர சோழ பாண்டியரை விடுத்துப் பூசணிக்காயை நாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. ஹெப்பகோடியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் வாயிலில் ஒரு பூசணி தொங்குகிறது. அடுப்பில் ஒரு பூசணி வேகிறது. இரண்டையும் பூசணி என்றே அழைக்கின்றோம். ஆயினும் ஒன்று ஆசியக் கண்டத்தின் பழங்குடி. மற்றொன்று கடல் கடந்து வந்த விருந்தாளி. வந்த விருந்தாளி வீட்டுப் பிள்ளையாகிவிட்ட கதையைப் பிழைப்புத் தேடி ஊர் கடந்து வந்த நாம் அறிந்துகொள்வது மிகவும் பொருத்தமே அன்றோ? இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நாம் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எனினும் பல நூல்களைப் படித்துத் தெளிந்தவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

பெயர்கள் பலவும் குழப்பம் ஒன்றும்

நம் குடியிருப்பிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தஞ்சைப் பக்கத்து அம்மையார் 'பரங்கிக்காய்' என்பார். கோவைப் பக்கத்தவர் அதையே 'அரசாணிக்காய்' என்பார். சென்னையிலிருந்து வந்தவர் 'மஞ்சள் பூசணி' அல்லது 'சர்க்கரைப் பூசணி' என்பார். சாம்பல் பூத்த மற்றொரு காயோ நெல்லைச் சீமையில் 'தடியங்காய்'. வேறிடங்களில் வெண்பூசணி, நீற்றுப்பூசணி, கல்யாணப் பூசணி. யாழ்ப்பாணத்தில் நீத்துப் பூசணி. நம் கன்னட அன்பர்கள் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துப் 'பூதுகும்பள' என்றும் 'சிஹிகும்பள' என்றும் வழங்குவர். 'பூதி' என்பது கன்னடத்தில் சாம்பல். 'சிஹி' என்பது இனிப்பு. நாம் நீறு என்றோம், அவர்கள் பூதி என்றார்கள். தெலுங்கரும் சாம்பலைக் குறித்தே 'பூடித கும்மடி' என்றனர். காயின் மேல் படிந்த வெண்பொடியைக் கண்ட கண்கள் மூன்று மொழியிலும் ஒன்றாகவே கண்டிருக்கின்றன.

தாவரநூலார் இவ்விரு காய்களையும் 'குக்குர்பிட்டேசி' என்னும் ஒரே குடும்பத்தில் வைத்துள்ளனர். சுரை, பீர்க்கு, பாகல், புடல், வெள்ளரி, தர்பூசணி ஆகியனவும் அக்குடும்பத்தின் உறுப்பினரே. ஆயினும் வெண்பூசணியின் பேரினம் 'பெனின்காசா'. பரங்கியின் பேரினம் 'குக்குர்பிட்டா'. வெண்பூசணியின் உயிரணுவில் குரோமோசோம்கள் 24, பரங்கியில் 40. ஆதலின் இரண்டையும் ஒரே பந்தலில் படரவிட்டாலும் ஒன்றின் மகரந்தம் மற்றதில் காய் பிடிக்கச் செய்யாது. பெயரால் உடன்பிறப்பு, பிறப்பாலோ தூரத்து உறவு.

மூத்த குடி: நீற்றுப்பூசணி

வெண்பூசணி ஆசியாவுக்கே உரியது. இந்தியாவிலும் சீனத்திலும் தென்கிழக்காசிய நாடுகளிலும் தொன்றுதொட்டுப் பயிராகி வருவது. வடமொழியில் இதற்குக் கூஷ்மாண்டம் என்று பெயர். நவராத்திரியின் நான்காம் நாளுக்குரிய தேவியின் திருநாமமும் கூஷ்மாண்டா என்பதே. ஆயுர்வேத மருத்துவர் இக்காயைக் கொண்டு கூஷ்மாண்ட லேகியம் கிண்டுவர். நம் விருந்துகளில் பரிமாறப்படும் காசி அல்வா இக்காயின் துருவலே. கன்னட நாட்டார் அதனைத் 'தம்ரோட்' என்பர். ஆக்ராவின் புகழ்பெற்ற 'பேட்டா' மிட்டாயும் இதுவே. தண்ணீரே பெரும்பகுதியாக உள்ள ஒரு காய், தனக்கென வலிய சுவை எதுவும் இல்லாமையால், இனிப்பிலும் மோர்க்குழம்பிலும் வடகத்திலும் ஒருசேர இடம் பெற்றது.

ஐரோப்பியர் இக்காயை முறையாக எழுதி வைத்த சான்றும் நம் தென்னாட்டைச் சார்ந்ததே. டச்சுக்காரரின் ஆட்சியில் கொச்சியில் அதிகாரியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு என்பார், மலையாள நாட்டு மருத்துவர்களின் துணைகொண்டு 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சேறிய அந்நூலின் எட்டாம் தொகுதியில் இக்காய் 'கும்பளம்' என்ற நம் நாட்டுப் பெயராலேயே குறிக்கப்பட்டது. பின்னர் 1818ஆம் ஆண்டில் காயத்தானோ சாவி என்னும் இத்தாலியத் தாவரநூலார், ஜூசெப்பே பெனின்காசாவின் நினைவாக இதன் பேரினத்துக்குப் பெயர் சூட்டினார். நம் ஊர்க் காய்க்கு இத்தாலியப் பெயர் அமைந்த வரலாறு இது.

வெண்பூசணியின் வெண்பொடி ஒரு மெழுகுப் பூச்சு. காய் முற்றும்போது தோலின் மேல் இப்பொடி படிகிறது. இது நீரை வெளியே விடாது. கிருமியை எளிதில் உள்ளே விடாது. அதனால்தான் அறுத்து வைத்த காய் பல திங்கள் கெடாமல் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் நம் பாட்டிமார் உறியில் கட்டித் தொங்கவிட்டதன் காரணமும் இதுவே.

இந்தப் பொடியிலிருந்து ஒரு பழமொழியும் பிறந்தது. "கும்பளக்காய்க் கள்ளன் யார் என்றால் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான்" என்னும் பொருள்படக் கன்னடத்தில் ஒரு பழமொழி வழங்குகிறது, தெலுங்கிலும் உண்டு. திருடிய காயைத் தோளில் சுமந்தவன், பொடி ஒட்டியிருக்குமோ என்று தானே தடவிப் பார்த்துத் தன்னைக் காட்டிக்கொடுத்தான். நம் தமிழிலோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனைப் பற்றிய பழமொழி. குற்றவாளி அங்கும் இங்கும் ஒருவனே போலும்! கன்னடர் அவனைத் தோளிலும் தமிழர் அவனைச் சோற்றிலும் கண்டுபிடித்தனர்.

பரங்கியின் பிறந்தகம்

இனி, மஞ்சள் காயின் கதைக்கு வருவோம். இதன் பிறந்தகம் அமெரிக்கக் கண்டங்கள். மெக்சிகோ நாட்டின் வஹாக்கா மாநிலத்தில் 'கிலா நாகிட்ஸ்' என்றொரு குகை உண்டு. அறிஞர் கென்ட் ஃபிளானரி 1966இல் அங்கு அகழ்ந்தபோது பூசணி விதைகளும் காம்புகளும் தோலின் சிதைவுகளும் கிடைத்தன. அவற்றைப் புரூஸ் ஸ்மித் என்னும் அறிஞர் மீண்டும் ஆராய்ந்து 1997இல் முடிவை வெளியிட்டார். அங்கு மனிதர் பயிரிட்ட பூசணியின் அகவை ஏறத்தாழ 10,000 ஆண்டு. அக்கண்டத்தில் மக்காச்சோளமும் அவரையினமும் பயிராவதற்கு முன்பே பூசணி பயிராகிவிட்டது என்பது இதனால் புலனாகும்.

காட்டுப் பூசணி கையளவே இருக்கும், சதையோ கடுங்கசப்பு. 'குக்குர்பிட்டசின்' என்னும் பொருளே அக்கசப்புக்குக் காரணம். சிறு விலங்குகள் அதை ஒதுக்கும். யானையின் உறவான மாஸ்டோடான் போன்ற பேருருவ விலங்குகளே அக்காய்களைத் தின்று, சாணத்தோடு விதைகளை ஊரெங்கும் பரப்பின. பழைய மாஸ்டோடான் சாணத்தில் அவ்விதைகள் கிடைத்துள்ளன. பனிக்காலத்தின் முடிவில் அவ்விலங்குகள் அழிந்தன. பரப்புவார் இல்லாத காட்டுப் பூசணி அருகத் தொடங்கியது. அந்நேரத்தில் அதற்குக் கைகொடுத்தவன் மனிதன். முதலில் அவன் விரும்பியது சதையை அன்று. சத்துள்ள விதையையும் ஏனமாகப் பயன்படும் ஓட்டையுமே. பின்னர், கசப்புக் குறைந்த காயின் விதையைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து ஊன்றியதால், பல தலைமுறைகளில் சதை திரண்டு இனிப்பு ஏறியது. இன்று நாம் உண்ணும் ஒவ்வொரு பத்தையும் பெயர் தெரியாத உழத்தியர் பலர் விதை பொறுக்கிய உழைப்பின் விளைவு.

இவ்வாறு மனிதன் வளர்த்தெடுத்த இனங்கள் ஐந்து. குக்குர்பிட்டா பேப்போ, குக்குர்பிட்டா மாக்ஸிமா, குக்குர்பிட்டா மொஸ்காட்டா, குக்குர்பிட்டா ஆர்கிரோஸ்பெர்மா, குக்குர்பிட்டா ஃபிசிஃபோலியா என்பன அவை. மாக்ஸிமா தென்னமெரிக்காவைச் சார்ந்தது. ஆர்கிரோஸ்பெர்மா மெக்சிகோவில் விதைக்காகவே பெரிதும் வளர்க்கப்படுவது. ஃபிசிஃபோலியா மலைநாட்டுக் குளிரில் வளர்வது, கருவிதை உடையது. இந்த ஐந்தாவது இனத்துக்கு ஐரோப்பியர் 'மலபார்ப் பூசணி' என்றும் 'சயாம் பூசணி' என்றும் பெயர் சூட்டியது வேடிக்கை. மலபாரும் அதன் பிறந்தகம் அன்று, சயாமும் அன்று.

கப்பல் ஏறிய காய்

கொலம்பசு அமெரிக்கத் தீவுகளை அடைந்த ஆண்டு 1492. வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டையில் இறங்கிய ஆண்டு 1498. போர்ச்சுக்கீசியர் கோவாவைக் கைப்பற்றிய ஆண்டு 1510. இந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்குள் உலகின் அடுக்களைகள் அனைத்தும் ஒன்றோடொன்று இணைவதற்கான வழி திறந்துவிட்டது.

ஐரோப்பாவில் பூசணி எவ்வளவு விரைவாகப் பரவியது என்பதற்கு ஓவியங்கள் சான்று. பிரான்சு நாட்டு அரசி ஆன் என்பாருக்காக 1503க்கும் 1508க்கும் இடையில் எழுதப்பட்ட வழிபாட்டுச் சுவடியில் பூசணிக்கொடி ஒன்று வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளது. ஐரோப்பாவில் இதுவரை அறியப்பட்ட பூசணி ஓவியங்களில் அதுவே முதலாவது. உரோமாபுரியில் 1515 முதல் 1518 வரை தீட்டப்பட்ட ஃபார்னெசினா மாளிகையின் சுவரோவியங்களிலும் பலவகைப் பூசணிகள் தொங்குகின்றன. 1753இல் லின்னேயசு 'பேப்போ' இனத்துக்குப் பெயர் சூட்டினார். 1786இல் துஷேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்வினங்களை வேறுபடுத்தி ஆராய்ந்து எழுதினார். 'மாக்ஸிமா', 'மொஸ்காட்டா' என்னும் பெயர்கள் அவர் சூட்டியவை.

தமிழகத்துக்கு வந்ததற்குச் சான்று எங்கே எனின், பெயரே சான்று. 'பரங்கி' என்பது ஃபிராங்கு என்னும் ஐரோப்பியப் பெயர் அரபியர், பாரசீகர் நாவில் உருமாறி நம்மிடம் வந்த சொல். போர்ச்சுக்கீசியரை நம் முன்னோர் பரங்கியர் என்றனர். சென்னையின் பரங்கிமலையும் கடலூர்ப் பக்கத்துப் பரங்கிப்பேட்டையும் அவர்களை நினைவூட்டுவன. பரங்கியர் வழியாக வந்த காய் பரங்கிக்காய். இவ்வாறே சப்பானியர் தம் நாட்டுப் பூசணியைக் 'கபோச்சா' என்பர். போர்ச்சுக்கீசியர் அதைக் கம்போடியாவிலிருந்து கொண்டுவந்தமையால் கம்போடியாவின் பெயரே காய்க்கு ஆயிற்று. எந்த நாட்டாரும் காயின் உண்மையான பிறந்தகத்தை அறியவில்லை. கடைசியாக எந்தத் துறைமுகத்திலிருந்து வந்ததோ, எவர் கையில் கொடுத்தாரோ, அப்பெயரையே இட்டனர்.

கெம்பேகௌடர் பெங்களூருக்கு அடிகோலியதாகக் கூறப்படும் 1537ஆம் ஆண்டு, கோவா போர்ச்சுக்கீசியர் வசமாகி 27 ஆண்டுகளே கழிந்த காலம். ஆகவே இந்நகரமும் தென்னாட்டுப் பரங்கிக்காயும் ஏறத்தாழ ஒரே நூற்றாண்டின் பிள்ளைகள் எனலாம். பரங்கியோடு வந்த பிறவற்றையும் எண்ணிப் பாருங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, கொய்யா, பப்பாளி, அன்னாசி, முந்திரி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டங்கள் தந்தவை. கார்த்திகைக் கடைசித் திங்களன்று பசவனகுடியில் நடைபெறும் கடலைக்காய்த் திருவிழாவின் நாயகனாகிய நிலக்கடலையும் அங்கிருந்து வந்ததே.

பூசணிக் குடும்பத்தின் மற்றொரு அமெரிக்க உறுப்பினரை நாம் 'பெங்களூர் கத்திரிக்காய்' என்றே அழைக்கின்றோம். சௌசௌ என்னும் அக்காய் மெக்சிகோவுக்கு உரியது. 1874 முதல் லால்பாக் தோட்டத்தைக் கண்காணித்த ஜான் கேமரன் என்பார் அதனை இந்நகரில் பரப்பியதாகக் கூறுவர். கன்னடர் அதனைச் 'சீமெ பதனெகாயி' என்பர். சீமைக் கத்திரிக்காய் என்பது பொருள். அவர்களுக்கு அது சீமையிலிருந்து வந்தது. நமக்கு அது பெங்களூரிலிருந்து வந்தது!

காம்பைக் கண்டு இனம் அறிதல்

சந்தையில் காய் வாங்கும் தாய்மார்கள் இனத்தை அறிவதற்கு நுண்ணோக்காடி வேண்டியதில்லை. காம்பைப் பார்த்தால் போதும். காம்பு கெட்டியாக ஐந்து பட்டையுடன் இருந்து, காயைத் தொடும் இடத்தில் பாதம்போல் விரிந்திருந்தால் அது மொஸ்காட்டா. பட்டை இருந்தும் விரியாமல் நின்றால் பேப்போ. பட்டையின்றி உருண்டு, தக்கைபோல் மெத்தென்று தடித்திருந்தால் மாக்ஸிமா. நம் நாட்டில் கூட்டுக்கும் பொரியலுக்கும் வரும் பரங்கி பெரும்பாலும் மொஸ்காட்டாவே. வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் அதற்கு மிகுதி. அதன் இலையில் வெண்புள்ளிகள் தெளித்தாற்போல் காணப்படுவதும் உண்டு.

இனம் ஐந்தேயாயினும் வகைகளோ எண்ணில. ஒரே பேப்போ இனத்தில்தான் அமெரிக்கர் அக்டோபர்த் திங்களில் முகம் செதுக்கி விளக்கேற்றும் பெரும்பூசணியும், இத்தாலியர் பிஞ்சிலேயே பறித்து உண்ணும் 'சுக்கினி'யும் அடங்கும். ஆஸ்திரியாவின் ஸ்டைரியா பகுதியில் விதைக்கு மேலோடு இல்லாத ஒரு வகை தோன்றியது. அவ்விதையிலிருந்து கரும்பச்சை எண்ணெய் பிழிகின்றனர். மொஸ்காட்டாவில் சுரைபோல் கழுத்து நீண்ட 'பட்டர்நட்' உண்டு. மாக்ஸிமாவில் நீலம் பாய்ந்த 'ஹப்பர்டு' உண்டு. எடைப்போட்டிக்கென்றே வளர்க்கப்படும் 'அட்லாண்டிக் ஜயன்ட்' வகையும் மாக்ஸிமாவே. 2023ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் எடையிடப்பட்ட காய் ஒன்று 1,246.9 கிலோகிராம் நிறுத்து அன்றைய உலகச் சாதனையாயிற்று. நம் குடியிருப்பு முழுமைக்கும் கூட்டு வைத்தாலும் மிஞ்சும்!

நம் நாட்டு அறிஞரும் வாளாவிருக்கவில்லை. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் 'கோ 1', 'கோ 2' என்னும் பரங்கி வகைகளை அளித்தனர். கோ 1 காய் ஒன்று 7 முதல் 8 கிலோகிராம் நிறுக்கும். விளைவதற்கு 175 நாள் ஆகும். கோ 2 காயோ ஒன்றரை முதல் 2 கிலோகிராமே; 135 நாளில் விளைந்துவிடும். எடையில் இத்துணை வேறுபாடு ஏன்? கூட்டுக்குடும்பம் வாழ்ந்த வீட்டுக்குப் பெருங்காய் பொருந்தும். நால்வர் உள்ள வீட்டுக்குச் சிறுகாயே பொருந்தும். குடும்பம் சுருங்கச் சுருங்கக் காயும் சுருங்க வேண்டியதாயிற்று.

நம் பெங்களூரின் ஹெசரகட்டாவில் 1967இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 'அர்கா சந்தன்' என்னும் மொஸ்காட்டாவையும், 'அர்கா சூரியமுகி' என்னும் மாக்ஸிமாவையும் வெளியிட்டது. அர்கா சந்தன் 2 முதல் 3 கிலோகிராம் எடையும் நல்ல மணமும் ஆரஞ்சு நிறச் சதையும் உடையது. அந்நிறத்தைத் தருவது கரோட்டின். அதுவே உடலில் வைட்டமின் ஏ ஆக மாறிக் கண்ணொளியைக் காப்பது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'அம்பிலி'யும் தில்லியின் 'பூசா விசுவாசு'ம் பிற நல்வகைகள். உலகில் பூசணியினக் காய்களை மிகுதியாக விளைவிக்கும் நாடுகளில் சீனத்துக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கே. வந்த இடத்தில் வேரூன்றியது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

விதையைக் காத்தல்

இங்கு ஒரு கவலையையும் கூறல் வேண்டும். அரசாணி, பரங்கி, சர்க்கரைப் பூசணி என்று ஊருக்கொரு பெயர் இருந்ததுபோல் ஊருக்கொரு காயும் இருந்தது. தட்டையானது, உருண்டையானது, ஆழ்ந்த வரி உடையது, பச்சைத்தோல் மாறாதது எனப் பலவாறு. ஒவ்வொரு வீட்டாரும் நல்ல காயின் விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி அடுத்த பட்டத்துக்கு வைத்தனர். இன்று கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையே மிகுதி. அது முதல் விளைச்சலில் ஒரே அச்சாகக் காய்க்கும். அக்காயின் விதையை ஊன்றினால் அடுத்த தலைமுறை பலவாறு சிதறும். அதனால் உழவர் ஒவ்வொரு முறையும் விதை வாங்க வேண்டியவராகின்றனர். வாங்குவதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் எல்லாரும் வாங்கவே தொடங்கினால், பாட்டியின் விதை யாரிடத்தும் இராது. ஒருமுறை அழிந்த வகையை எந்தக் கடையிலும் மீண்டும் வாங்க இயலாது.

பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கும். பெண்பூவின் அடியில் குட்டிக்காய் ஒன்று முன்பே காணப்படும். பூக்கள் வைகறையில் விரிந்து நண்பகலுக்குள் வாடும். தேனீக்களே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும். ஒரே இனத்தின் இரு வகைகள் அருகருகே இருந்தால் கலந்துவிடும். வகை கலவாமல் விதை எடுக்க விரும்புவோர், மறுநாள் விரியவிருக்கும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முதல் நாள் மாலையே நூலால் கட்டிவைத்தல் வேண்டும். விடிந்ததும் ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கிப் பெண்பூவின் நடுவில் தடவி, மீண்டும் பெண்பூவைக் கட்டிவிட வேண்டும். அக்காயை நன்கு முற்றவிட்டு விதை எடுக்கலாம். நம் பிள்ளைகளுக்கு இஃது ஓர் உயிரியல் பாடமும் ஆகும். மாடியில் ஒரு பெரிய தொட்டியும் கொடி படரச் சிறிது இடமும் போதும். அடுத்த முறை ஊருக்குச் செல்லும் அன்பர்கள், அங்குள்ள முதியோரிடம் ஒரு பிடி விதையும் அக்காயின் ஊர்ப்பெயரும் கேட்டு வாங்கி வருதல் நலம்.

பலிக்கு மாற்றாக வந்த காய்

இறுதியாக, நம் தெருவைப் பற்றி ஒரு சொல். உயிர்ப்பலிக்கு மாற்றாக நீற்றுப்பூசணியை வெட்டிப் படைக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுநாளாக உண்டு. காயைக் கீறி உள்ளே குங்குமம் கலந்து உடைப்பதும் அந்த மாற்றுப் பலியின் அடையாளமே. ஆட்டின் கழுத்துக்கு வந்த கத்தியைத் தன் மேல் வாங்கிக்கொண்ட காய் அது. இத்துணைப் பெருங்கருணை உடைய வழக்கத்தைக் கண்ட நம் முன்னோரை எவ்வளவு போற்றினும் தகும்.

ஆயுதபூசை நாளில் இரயில்வே பணிமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் பூசணி உடைபடுகிறது. பொம்மசந்திராவிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை தொழிற்கூடங்கள் நிறைந்த நம் பகுதியில் அன்றைய மாலையில் சாலையெங்கும் பூசணிச் சிதறல். தண்ணீரே மிகுந்த காய் ஆதலின் அதன் சதை மழையினும் வழுக்கும். இருசக்கர வண்டியில் வேலை முடிந்து வீடு திரும்பும் இளைஞர் வழுக்கி விழுவதும், கைகால் முறிவதும், சில வேளைகளில் உயிருக்கே இடர் நேர்வதும் ஆண்டுதோறும் காணும் துயரம். உயிர்ப்பலியைத் தடுக்க வந்த காய் உயிரைப் பலிகொள்ளலாமா? வழக்கத்தை விட்டுவிடுக என்று நாம் கூறவில்லை. அதன் வரலாற்றை உணர்ந்து செய்க என்றே கூறுகின்றோம். வாயிலின் உட்புறத்தில், ஒரு சாக்கின் மேலோ அகன்ற தட்டிலோ உடைத்து, உடனே கூட்டி எடுத்து உரக்குழியில் இடலாம். திருட்டி கழிந்தது கழிந்ததே. அதற்குச் சாலையின் நடுவிடம் வேண்டுமென்று எந்த நியதியும் இல்லை.

முடிவுரை

மார்கழி வைகறையில் நம் பெண்டிர் கோலமிட்டுச் சாணப் பிள்ளையாரின் தலையில் மஞ்சள் பூவைச் சூட்டுகின்றனர். வெண்பூசணியின் பூவும் மஞ்சளே. பரங்கியின் பூவும் மஞ்சளே. எந்தக் கொடியில் பூத்தது என்று பிள்ளையார் கேட்பதில்லை. தைப்பொங்கலன்று ஏழுகறிக் கூட்டில் இரண்டும் ஒரே பானையில் வேகின்றன. ஒன்று இம்மண்ணின் தொல்குடி. மற்றொன்று ஐந்நூறு ஆண்டுக்குள் வந்த குடி. வந்த குடியின் பெயரிலேயே அதன் அயன்மை எழுதியிருந்தும், அதைத் தமிழர் உணவன்று என்று கூறத் துணிவார் எவரும் உளரோ? அது கூட்டில் சுவை கூட்டியது. குழந்தைக்குக் கண்ணொளி தந்தது. ஏழைக்கு மலிவில் வயிறு நிறைத்தது. ஆதலால் நம்முடையதாயிற்று.

கன்னட மண்ணில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இதுவே வழி என்பது நம் கருத்து. பரங்கி தன் பெயரை மறைக்கவில்லை. தன் சுவையையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் படர்ந்த இடத்து மண்ணில் வேர்விட்டு, அம்மண்ணுக்கே காய்த்தது. நாமும் தமிழை இல்லத்திலும் சங்கத்திலும் காப்போம். கன்னடத்தைக் கற்று அண்டை அயலாரோடு கனிவுடன் பழகுவோம். இந்நகர் செழிக்க உழைப்போம். நம் பிள்ளைகளுக்குப் பரங்கி என்ற பெயரும் கும்பள என்ற பெயரும் இரண்டும் தெரிந்திருத்தல் வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! செழிக்க இம்மண்!